இருபத்துமூன்று கிலோ காற்று

1

இந்தக் கதை ஒரு ரைஸ் குக்கரின் அடியிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துக் கேட்டால் எனக்கு அவமானம்.

ஃபிஜித் தீவில், நாடி ஊரின் மார்டின்டாரில் நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டில் சமையல் மேடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். முன்பு குடியிருந்தவர்கள் அதைச் சரிசெய்ய, குக்கருக்கு அடியில் ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்திருந்தார்கள். விடாமல் மழை பெய்த ஒரு வாரத்தில், படிக்க எதுவும் இல்லாமல் அதை உருவி எடுத்தேன். (ஊரிலிருந்து கொண்டுவந்த மொழிபெயர்ப்பு நாவல்களை இரண்டாம் முறையும் முடித்திருந்தேன். எல்லாம் உறைபனியும் ரயில் நிலையங்களும் உள்ள நாவல்கள்.) உருவியது ஓர் ஆங்கில அறிக்கை. தலைப்பைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: 'கடலில் காற்றாலை அமைப்பதால் மேற்குப் பகுதிக்குக் கிடைக்கும் பொருளாதாரப் பலன்கள்.' வருடம் 2008. நூற்று நாற்பது பக்கம். கஞ்சி வழிந்து காய்ந்ததில் பாதிப் பக்கங்கள் பிரியவில்லை.

பிரிந்தவற்றில் அறுபத்தொன்றாம் பக்கமும் ஒன்று. அதில் ஓர் அட்டவணை. சவேனி கடலோரத்தில் வேலைக்குத் தயாராக இருக்கும் தொழில் தெரிந்தவர்கள்: வெல்டர், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், கிரேன் ஓட்டுபவர். மொத்தம் 117 பேர். கீழே பொடி எழுத்தில், வீடுவீடாகப் போய்க் கணக்கெடுத்தவர்: ச. ம.

நான் சவேனிக்குப் போயிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில், கடலில் குளிக்க. போகும் வழியில் பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்து பூட்டிய வீடுகளை எண்ணியிருக்கிறேன். கடலில் காற்றாலை எதுவும் நிற்கவில்லை என்பதையும் பார்த்திருக்கிறேன். அப்படியானால் அந்த 117 பேர் எங்கே?

ச. ம. என்ற எழுத்துகளைச் சரளா மகேந்திரா ஆக்கியது நான். அறிக்கையே என் இட்டுக்கட்டு என்று நீங்கள் சந்தேகப்பட்டால் மறுக்க மாட்டேன். இந்தக் கதையில் யாரும் யாரையும் நம்பப்போவதில்லை. உங்களுக்கு மட்டும் எதற்கு விலக்கு?

2

முதல் தொடக்கம்: 'காற்றுக்குப் பாஸ்போர்ட் கிடையாது என்று நினைத்துக்கொண்டே சரளா ஜன்னலைத் திறந்தாள். வெளியே உலகம் —'

இல்லை. சரளா அப்படி நினைக்கிற ஆள் இல்லை. அது நான் படித்த நாவல்களின் மூச்சு.

இரண்டாம் தொடக்கம்: 'கரும்பு ஏற்றிய குட்டி ரயில் ஆலையை நோக்கி ஊதிக்கொண்டு போன ஆகஸ்ட் மாதக் காலை ஒன்றில் —'

ரயில் வந்தால் பின்னாலேயே புகை வரும். புகை வந்தால் நான் ஏக்கப்பட ஆரம்பித்துவிடுவேன். வேண்டாம்.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்:

தராசு எந்த வீட்டில் இருக்கிறதோ, அந்த வீடு கிளம்புகிறது என்று அர்த்தம். சவேனி ரோட்டில் இது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

தராசு சரளா வீட்டுச் சொத்து. அவளுடைய மாமனார் ராமசாமி கத்தரிக்காயும் பீன்ஸும் லௌடோகா மார்க்கெட்டுக்குப் போட்ட நாளில் வாங்கியது. மேலே பிடிக்க ஒரு வளையம், கீழே மாட்ட ஒரு கொக்கி, நடுவில் கண்ணாடி போட்ட வட்ட முகம். ஐம்பது கிலோ வரை தாங்கும். குத்தகை முடிந்து நிலம் போனது, அடுத்த வருடம் ராமசாமி போனார். தராசு மட்டும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தங்கிவிட்டது.

அதற்கு ஒரு கோளாறு உண்டு. கடலோர உப்பில் உள்ளே துரு ஏறிவிட்டது. எடையைக் கழற்றினாலும் முள் இறங்காது. கடைசியாக எதை நிறுத்தார்களோ அந்த இடத்திலேயே நிற்கும். கண்ணாடியின் மேல் நகத்தால் இரண்டு தட்டு தட்டினால்தான் பூஜ்யத்துக்கு வரும். இரவல் வாங்கிப் போகிறவர்களுக்கு இது தெரியாது. சரளாவும் சொல்வதில்லை. தராசு திரும்பி வந்ததும் முதலில் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பாள். பிறகு தட்டுவாள். பிறகு ஆணியில் மாட்டுவாள்.

எல்லா வீட்டிலிருந்தும் முள் ஒரே இடத்தில்தான் நின்று வரும். இருபத்துமூன்று. இல்லாவிட்டால் ஒரு முடி குறைவாக. விமானத்தில் ஒரு சூட்கேஸுக்கு அவ்வளவுதான் அனுமதி.

கிளம்புகிறவர்கள் கிளம்புவதைச் சொல்ல மாட்டார்கள். 2000-இல் நடந்த கூவுக்குப்* பிறகு, காலியாகப்போகிறது என்று தெரிந்த வீடுகளில் ஆட்கள் இருக்கும்போதே ஜன்னல் சட்டம் வரை கழன்று திருடு போனது. அன்றிலிருந்து கற்ற பாடம்: விமானம் மேலே ஏறுகிற வரை நாம் இங்கேதான் இருக்கிறோம். ஏறிய பிறகும் கொஞ்ச நாள் இங்கேதான் இருக்கிறோம்.

* கூ என்றால் ஆட்சிக் கவிழ்ப்பு. இங்கே எல்லா மொழிக்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். 1987-இல் இரண்டு, 2000-இல் ஒன்று, 2006-இல் ஒன்று. 'மூணாவது கூ அன்னிக்கு எனக்குப் பல்லு புடுங்குனாங்க' என்பதுபோலத் தேதி சொல்கிறவர்கள் உண்டு.

3

மூன்று வீடு தள்ளியிருக்கும் ருக்மணி ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தாள். கையில் ஒரு பப்பாளிப் பழம். பப்பாளியைப் பார்த்ததுமே சரளாவுக்குப் புரிந்துவிட்டது.

"சரளா, அந்தத் தராசு குடும்மா. ஆடு ஒண்ணு நிறுக்கணும்."

"உங்க வூட்டுல ஏதுக்கா ஆடு?"

"வாங்கப் போறோம்ல."

"வாங்காத ஆட்ட எப்படிக்கா நிறுப்பீங்க?"

"அதான் சொல்றேன். மொதல்ல தராசு ஒழுங்கா நிறுக்குதான்னு பாத்துக்க வேணாமா? ஆட்டுக்காரன் ஏமாத்திப்புட்டான்னா?"

"எத்தன கிலோ ஆடு?"

ருக்மணி யோசிக்கவே இல்லை. "இருவத்திமூணு இருக்கும்."

"ஒண்ணுதானா?"

"நாலு," என்றாள் ருக்மணி. சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நாலு ஆடும் ஒரே எடையா?"

"ஒரே தாய் வயித்துப் புள்ளைங்கடி. இன்னா நீ, போலீஸ்காரன் மாதிரி! குடுக்கறியா, இல்ல பப்பாளிய எடுத்துக்கினு போவட்டா?"

சரளா கொடுத்தாள். அதே நாள் பிற்பகல் ருக்மணியின் வீட்டுக்குப் படிவத்தோடு போனாள். அவள் வேலை அது. முந்தைய வருடம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நன்றாக வேலை பார்த்தாள் என்று காற்றாலைக் கம்பெனி அவளை மூன்று வாரத்துக்கு அமர்த்தியிருந்தது. அவளுக்குச் சொல்லப்பட்டது ஒன்றே ஒன்று: அவர்கள் வாய் சொல்வதை எழுது, உன் கண் பார்ப்பதை எழுதாதே.

"வீட்டில் எத்தனை பேர்?"

"ஏழு," என்றாள் ருக்மணி. திண்ணமான குரல். கயிற்றில் காய்ந்த துணியெல்லாம் நான்கு பேருடையது.

"தொழில் தெரிஞ்சவங்க?"

"நம்ம தர்மேந்திரா. வெல்டரு. எழுது."

"தர்மேந்திரா இங்க இருக்கானாக்கா?"

"இருக்கானாவா? இப்பத்தான் கடைக்குப் போனான்."

தர்மேந்திரா கடைக்குப் போய் இரண்டு வருடமாகிறது. கடை பிரிஸ்பேனில் இருக்கிறது. உள்ளறைத் திரைக்குக் கீழே தராசின் கொக்கி தெரிந்தது. இரண்டு பெண்களும் அதைப் பார்த்தார்கள். பிறகு இருவரும் படிவத்தைப் பார்த்தார்கள்.

சரளா எழுதினாள்: வெல்டர், ஒருவர், வேலைக்குத் தயார்.

(இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். இவர்கள் நிஜத்தில் இப்படித் தமிழில் பேசியிருக்க மாட்டார்கள். ருக்மணி வயதுக்காரர்களிடம் தமிழ் மிச்சமிருக்கிறது. சரளா மாமியாரோடு பேசிப் பேசிப் பிடித்துக்கொண்டது கொஞ்சம். மற்றபடி எல்லாம் ஃபிஜி இந்திதான். நான் படித்த நாவல்களில் பனிப்பிரதேசத்து விவசாயிகள் சுத்தத் தமிழில் சாபமிட்டபோது நீங்களும் நானும் கேள்வி கேட்கவில்லை. அந்தச் சலுகையை எனக்கும் தாருங்கள்.)

4

மூன்று வாரம். ஒவ்வொரு வீட்டிலும் யாராவது கடைக்குப் போயிருந்தார்கள், அல்லது குளித்துக்கொண்டிருந்தார்கள், அல்லது தலைநகர் சுவாவில் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். ஒரு வீட்டில் மூன்று எலக்ட்ரீஷியன்கள் ஒரே நேரத்தில் குளித்துக்கொண்டிருந்தார்கள். சரளா எழுதினாள். யாரும் வேண்டுமென்று கம்பெனியை ஏமாற்றவில்லை. ஒரு பட்டியல் வந்தால் அதில் வீடு நிறைந்திருப்பதுதான் பாதுகாப்பு என்று அவர்கள் எட்டு வருடமாகப் பழகியிருந்தார்கள். பட்டியல் எங்கே போகும், யார் கைக்குப் போகும், யாருக்குத் தெரியும்?

மாலையில் படிவங்களை அடுக்கும்போது, யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள், யார் தராசு வாங்கினார்கள் என்று அவள் மனதுக்குள் தனியாகப் பிரிப்பாள். அந்தப் பிரிவினையை எங்கும் எழுதவில்லை. கம்பெனியிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் பூட்டிய வீடுகளின் பட்டியலைத் தன் கையாலேயே கொடுத்ததாகிவிடும்.

நூற்றுப் பதினாறு ஆனது. மிச்சம் அவள் வீடு.

மகேந்திரா ஆலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். லௌடோகா சர்க்கரை ஆலையில் வெல்டர்.

"வீட்டில் தொழில் தெரிஞ்சவங்க?" என்று அவள் வேற்றாள்போலக் கேட்டாள்.

"ஒருத்தர். வெல்டர். நல்ல வெல்டர்னு எழுது."

"நல்லன்னு எழுத எடமில்ல. அடுத்த ரெண்டு வருஷம் இங்க இருப்பீங்களா?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். தண்ணீர் எப்போதோ காய்ந்துவிட்டது.

"நீ சொல்லு," என்றான்.

அவள் 'ஆம்' கட்டத்தில் குறி போட்டாள். 117.

அவர்கள் தலைக்கு மேலே, அலமாரியின் உச்சியில், சூட்கேஸுக்குள் ஒரு கடிதம் இருந்தது. நியூசிலாந்தில் குடியேற அனுமதி. ஆக்லாந்தில் இருக்கும் மகேந்திராவின் அண்ணன் நரேந்திரா நான்கு வருடம் அலைந்து வாங்கிக் கொடுத்தது. ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதிக்குள் அங்கே போய் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அனுமதி செத்துப்போகும். மறுபடி கிடைக்காது.

கம்பெனி கட்டுவதா வேண்டாமா என்று கடைசி முடிவைச் சொல்லப்போவது அக்டோபரில்.

5

இவர்களுக்கு ஒரு மகள் இருந்தாள். ரோஷிகா, பதினைந்து வயது. மூன்றாம் வரைவில் எடுத்துவிட்டேன்.

காரணம் சொல்கிறேன். மகள் இருந்தால் முடிவு எடுத்தமாதிரிதான். 'பிள்ளை படிப்புக்காக' என்று ஒரு வரி போதும், எல்லோரும் விமானத்தில் ஏறிவிடுவார்கள். இந்த நாட்டிலிருந்து கிளம்பிய அத்தனை பேரும் அந்த வரியைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்கள். எனக்கு அந்த வரியின்மேல் சந்தேகம். அது இல்லாமல் இரண்டு பெரியவர்கள் என்ன செய்வார்கள் என்று பார்க்க விரும்பினேன்.

(எங்காவது வாசலில் பள்ளிக்கூட ஷூ கிடந்தால் அது நான் அழிக்க மறந்தது. கண்டுகொள்ளாதீர்கள்.)

இனி அறிக்கை. இதை ஒரே மூச்சில் பொய் என்று ஒதுக்கிவிட எனக்கும் ஆசைதான். படித்துப் பார்த்தால் அப்படி முடியவில்லை. கட்டும்போது இரண்டு வருடத்துக்கு முந்நூறு பேருக்கு வேலை. கட்டிய பிறகு நாற்பது பேருக்கு இருபத்தைந்து வருடம். லௌடோகா துறைமுகத்தில் கனமான சாமான் இறக்க ஒரு புதிய மேடை. அது காற்றாலைக்கு மட்டுமல்ல, எல்லாச் சரக்குக்கும் பயன்படும். கப்பலில் வரும் டீசல் குறையும். இதெல்லாம் எந்த அறிக்கையிலும் வரும். எழுபத்திரண்டாம் பக்கத்தில் இருப்பது வேறு ரகம். சர்க்கரை ஆலை ஓடுவது வருடத்தில் பாதி. கரும்பு முடிந்தால் வெல்டருக்கும் ஃபிட்டருக்கும் வேலை மெலிந்துவிடும். அந்த மெலிந்த மாதங்களில் கடலில் பராமரிப்பு வேலையை வைத்துக்கொண்டால் ஒரே ஆள் இரண்டு இடத்திலும் வருடம் முழுவதும் வேலை பார்க்கலாம். இதை எழுதியவர் யாரோ மேற்கில் கொஞ்ச நாள் இருந்திருக்கிறார். நான்கூட ஒரு கணம் நம்பினேன்.

ஆனால் ஒவ்வொரு பலனும் ஓர் ஆளின் தோள்மேல் நிற்கிறது. ஆள் இருக்கிறான் என்பதற்கு அறிக்கை காட்டும் ஒரே ஆதாரம் அறுபத்தொன்றாம் பக்கம். அதை எழுதியது யார், எப்படி என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

6

மகேந்திரா எழுபத்திரண்டாம் பக்கத்தைப் படித்ததில்லை. கோயில் கொட்டகையில் நடந்த கூட்டத்தில் காதால் கேட்டான். கம்பெனியின் ஊர்த் தொடர்பு அதிகாரி ரவீந்திரா பேசினான். சுவாவில் பிறந்து வளர்ந்தவன், முப்பத்தைந்து வயது, வெள்ளைச் சட்டை. யங்கோனா என்ற வேர்ச்சாறு நிறைந்த கிண்ணம் சுற்றி வந்தபோது, கைதட்டி வாங்கி ஒரே மடக்கில் குடித்தான். ஊருக்கு அவனைப் பிடித்துப்போனது. யங்கோனா குடித்த நாக்கு மரத்துப்போயிருக்கும்போது விருந்தாளியிடம் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் அன்று எல்லாக் கேள்விக்கும் ஊர் கைதட்டி ஆமாம் என்றது.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு.

"நரேந்திரா இங்க ஹெட்மாஸ்டரு. அங்க போயி கோழிக்கு ரெக்க வெட்டுறான்," என்றான் மகேந்திரா. "நான் போனா எனக்கு என்னா குடுப்பான்? கால வெட்டச் சொல்லுவான்."

"கோழியாவது நெசமா இருக்குது."

"கடலுக்குள்ள எண்பது மீட்டர் தூணு, சரளா. அதுல என் கை போட்ட ஒட்டு இருவத்தஞ்சு வருஷம் நிக்கும்."

"எங்க தையல் கம்பெனியும் இப்படித்தான் சொன்னான். ரெண்டாவது கூ முடிஞ்சதும் வந்தான். பதிமூணு வருஷம் வரி வேணாம்னு கூட்டியாந்தாங்க. நான் காலரு தெச்சேன், காலரு தெச்சேன், கழுத்து வலிக்க காலரு தெச்சேன். பதினாலாவது வருஷம் திங்கக்கெழம போயி பாத்தா மெசினக் காணும். நாலு நட்டு மட்டும் தரையில கெடக்குது."

"அது துணி. இது காத்து. காத்த எப்படித் தூக்கிக்கினு போவான்?"

"சவேனில எங்கங்க காத்து? அப்பளம் காயப்போட்டா போட்ட எடத்துல கெடக்குது."

"பவளப்பாறைக்கு வெளிய இருக்குதாம். அளந்துக்கினு இருக்காங்க. கடல்ல மெதவ போட்டிருக்காங்கல்ல?"

"அதையும் அவன்தான் சொல்றான்."

மகேந்திரா சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனான். வாசலில் அவன் எதையோ தாண்டிக் காலைத் தூக்கி வைத்தான். ஷூ.

7

ஆகஸ்ட் இருபத்தாறு, செவ்வாய். ரவீந்திரா அவர்கள் வீட்டுக்கு வந்தான். கம்பெனி வெளியிடும் வண்ணத்தாளில் முதல் உள்ளூர் வெல்டர் என்று மகேந்திராவின் படத்தைப் போட வேண்டுமாம். ஆலையின் வெல்டிங் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கடலைப் பார்த்தபடி நிற்கச் சொன்னான். மகேந்திரா நின்றான். சிரிக்கச் சொன்னதும் சிரித்தான்.

தேநீர் குடிக்கும்போது ரவீந்திரா சொன்னான்: "அண்ணே, நீங்களும் போயிட்டீங்கன்னா நான் யார வச்சுக் கட்டுவேன்? பொம்மைய வச்சா?"

"போறோம்னு யாரு சொன்னா?" மகேந்திராவின் குரல் தேவைக்கு மேல் உயர்ந்தது.

"யாரும் சொல்லல. எல்லாரும் போறாங்களே, அதான் பயம்."

"யாரு போறாங்க?" என்றாள் சரளா. "நூத்திப்பதினேழு பேரு இருக்காங்கன்னு உங்க கம்பெனிதானே சொல்லுது."

ரவீந்திரா அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். பிஸ்கட் தட்டை இருவரும் ஒரே நேரத்தில் நகர்த்தினார்கள்.

"நீங்க இருப்பீங்களா?" என்று கேட்டாள்.

"பாபி!" அண்ணியை இந்தியில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "இருவத்தஞ்சு வருஷம். எனக்கு ரிட்டயர்மென்ட் அந்தத் தூணுக்கு அடியிலதான். மீன் புடிச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன், நீங்க வந்து பாருங்க."

மகேந்திரா சிரித்தான். இந்த முறை யாரும் சொல்லாமலே சிரித்தான். மூன்று மாதமாக அவன் இப்படிச் சிரித்து சரளா பார்க்கவில்லை. இருந்துவிடலாம் என்று அந்த நிமிடத்தில் அவளுக்கே தோன்றியது.

ரவீந்திரா எழுந்தான். செருப்பு மாட்டிக்கொண்டு திரும்பினான்.

"பாபி, ஒரு உதவி. உங்ககிட்ட ஒரு தராசு இருக்காமே. ரெண்டு நாளைக்குக் கெடைக்குமா?"

தேநீர்க் கோப்பைகளை எடுக்கக் குனிந்த சரளா நிமிர்ந்தாள்.

"யாரு சொன்னா?"

"ருக்மணி ஆன்ட்டி."

ருக்மணியும் அவளுடைய நான்கு ஆடுகளும் பறந்து பத்து நாள் ஆகிவிட்டது.

"எதுக்கு?"

"மெதவையில பேட்டரி மாத்தணும். படகுக்காரன் எடை என்னான்னு கேக்கறான். சரியா சொல்லலன்னா ஏத்த மாட்டானாம்."

சரளா மகேந்திராவைப் பார்க்கவில்லை. கதவுக்குப் பின்னால் கையை விட்டுத் தராசைக் கழற்றினாள். முள் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. கொடுத்தாள்.

8

இங்கே நான் மூன்று வாரம் எழுதாமல் நின்றேன்.

முதல் வரைவில் ரவீந்திரா ஏமாற்றுக்காரன். கனடாவுக்கு அனுமதி வாங்கிவிட்டு, ஊரை நிறுத்திவைக்கும் பேச்சுக்காரன். இரண்டாம் வரைவில் அவன் நல்லவன். மிதவைக்கு உண்மையிலேயே பேட்டரி மாற்ற வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வரைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவன் பேசிய எந்த வரியையும் நான் மாற்றியிருக்கவில்லை. ஒரு சொல்கூட. அதைப் பார்த்ததும் எனக்கே அவன்மேல் பயம் வந்துவிட்டது.

மூன்றாவதாக ஒன்றும் சாத்தியம். அனுமதியும் வாங்கியிருக்கிறான், காற்றையும் நம்புகிறான். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நான் சந்தித்த ஃபிஜிக்காரர்களில் பாதிப் பேர் அப்படித்தான் —

(இல்லை, 'பாதிப் பேர்' என்று எந்தக் கணக்கை வைத்துச் சொல்கிறேன்? வீடுவீடாகவா போனேன்? அடித்துவிட்டேன்.)

மார்டின்டாரில் லாரி பழுது பார்ப்பவர் ஒருவரிடம் பேட்டரி எடை விசாரித்தேன். "எந்த பேட்டரி?" என்றார். கடலில் மிதக்கும் கருவிக்கு என்றேன். "பத்துலேந்து நாப்பது வரைக்கும் எது வேணும்னாலும் இருக்கும்," என்றார். இருபத்துமூன்று இருக்குமா? "ஏன் இருக்காது?" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "எப்போ கெளம்புறீங்க?" என்று கேட்டார்.

9

ஆகஸ்ட் இருபத்தெட்டு, வியாழன். கம்பெனி வண்டி ஓட்டுநர் தராசை ஒரு செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். வணக்கத்துக்குப் பூலா, நன்றிக்கு வினாக்கா என்று இரண்டே வார்த்தை பேசிவிட்டுப் போய்விட்டார். சரளா வீட்டுக்குச் சனிக்கிழமை விமானம். மூன்று இடம் பிடித்து வைத்திருந்தது. (இரண்டு. இரண்டு இடம்.)

சரளா சமையலறையில் நின்று தாளைப் பிரித்தாள்.

முள் இருபத்துமூன்றில் நின்றது. ஒரு முடிகூடக் குறைவில்லை.

"எங்க நிக்குது?"

மகேந்திரா பின்னால் நின்றுகொண்டிருந்தான். ஆலைச் சட்டைகூடக் கழற்றவில்லை.

அவள் திரும்பினாள். "என்னா எங்க நிக்குது?"

"முள்ளு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்கப்பன் தராசு. எனக்குத் தெரியாதா?" கதவில் சாய்ந்துகொண்டான். "நீ தட்டி மாட்டுறதுக்கு முன்ன நான் எத்தன தடவ பாத்திருக்கேன். தர்மேந்திரா போனப்ப பாத்தேன். ருக்மணி அக்கா நாலு ஆடு நிறுத்தப்ப பாத்தேன். யாரு இருக்கா, யாரு இல்லன்னு உன்னவிட எனக்கு நல்லாத் தெரியும்."

"தெரிஞ்சுக்கினா இருந்துரலாம், இருந்துரலாம்னு சொன்னீங்க?"

"தெரிஞ்சதாலதான். எல்லாரும் போயிட்டா வெல்டரு நான் ஒருத்தன். வேல எனக்குத்தானே?" சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "நூத்திப்பதினேழு பேருன்னு எழுதுனியே சரளா. அந்த லிஸ்டுல நெசமா இருக்கற ஆளு நான் ஒருத்தன்தான். நானும் போயிட்டா நீ எழுதுனது பூரா பொய்யி."

"நான் எழுதுனதுக்காகவா இங்க இருக்கணும்?"

"வேற எதுக்காகத்தான் இருக்கறது? நீயே சொல்லு."

அவன் முன்னால் வந்து தராசின் முகத்தைப் பார்த்தான்.

"பேட்டரியா இருக்கும்," என்றான்.

"இருக்கும்," என்றாள்.

"நீ நம்பலையா?"

"நீங்க நம்புறீங்களா?"

10

முடிவுகள் என்னிடம் இருக்கின்றன. இல்லாமல் இல்லை.

ஒன்றில் அவர்கள் சனிக்கிழமை நாடி விமான நிலையத்துக்குப் போகிறார்கள். வரிசையில் அவர்களுக்கு முன்னால் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு முதுகு. அது திரும்புகிறது. ரவீந்திரா. மூவரும் — அருமையான முடிவு. படித்தவர்கள் கைதட்டுவார்கள். இவ்வளவு சுலபமாகக் கைதட்டு வாங்கும் எதையும் நான் சந்தேகப்படுகிறேன். கோயில் கொட்டகையிலும் கைதட்டினார்கள்.

இன்னொன்றில் அவர்கள் போகவில்லை. ஆகஸ்ட் முப்பத்தொன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகேந்திரா கடலோரம் போய் நிற்கிறான். சரளா அப்பளம் காயப்போடுகிறாள். மாலையில் ஓர் அப்பளம் லேசாக —

இதை முடிக்க மாட்டேன். முடித்தால் உங்கள் கண் கலங்கும். என் கண்ணும் கலங்கும். இருவரும் சேர்ந்து அவர்களை ஏமாற்றியதாகிவிடும்.

நீங்கள் கேட்கலாம்: காற்றாலை வரவில்லை என்று முதல் பகுதியிலேயே சொல்லிவிட்டாயே, அப்புறம் என்ன, இருந்தவர்கள்தானே முட்டாள்? எனக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. ஆட்கள் இல்லாததால் காற்றாலை வரவில்லையா, காற்றாலை வராது என்று தெரிந்து ஆட்கள் போனார்களா? அறிக்கையில் இதற்குப் பதில் இருந்திருக்கலாம். ஒட்டிக்கொண்ட பக்கங்களில் எங்காவது. வெந்நீரில் நனைத்துப் பிரித்துப் பார்த்தேன், எழுத்து கரைந்துவிட்டது. மிச்சத்தை மறுபடி குக்கருக்கு அடியிலேயே வைத்துவிட்டேன். மேடை இப்போது கொஞ்சம் சாய்வாக இருக்கிறது.

வியாழக்கிழமை மாலையில் விட்டுவைத்திருக்கிறேன் அவர்களை. சமையலறை. கதவுக்குப் பின்னால் காலியான ஆணி. மேசைமேல் அலமாரி உச்சியிலிருந்து இறக்கிய சூட்கேஸ், மூடியிருக்கிறது. நிரப்பியதா, வெறுமையா என்று நான் திறந்து பார்க்கவில்லை. வாசலில் ஷூ.

"தட்டு," என்கிறான் மகேந்திரா.

தட்டினால் முள் பூஜ்யத்துக்குப் போய்விடும். ரவீந்திரா நிறுத்தது என்ன என்பதற்கு அதன் பிறகு சாட்சி இருக்காது. தட்டாமல் வேறு எதையும் நிறுக்கவும் முடியாது.

சரளாவின் நகம் கண்ணாடிக்கு ஓர் அங்குலம் மேலே நிற்கிறது. வரைவுக்கு வரைவு நான் அந்த விரலை அங்கேயே நிறுத்திவைத்திருக்கிறேன். பாவம், கை வலிக்கும். நீங்கள் தட்டிவிடுங்கள். தட்டியபின் கொக்கியைச் சூட்கேஸின் பிடியில் மாட்டினீர்களா, தராசை ஆணியில் மாட்டினீர்களா என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.

சொன்னாலும் நம்ப மாட்டேன்.